தோட்டத்தில் எழுந்த பல்கலைக்கழகம்



ஹட்டனில் பஸ்ஸேறிக் கண்டிக்குப் போகிறவர்கள் கம்பளையையும் கெலிஓயாவையும் தாண்டியதும் சன்னல் ஓரம் சற்றே நகர்வதுண்டு. ஒரு பக்கம் மகாவலி கங்கை. மறுபக்கம் ஹந்தானை மலை. இரண்டுக்கும் இடையில் மரங்களுக்குள் பேராதனைப் பல்கலைக்கழகம். அது அங்கே வந்து சேர்ந்த கதை நீண்டது.

இலங்கைக்குத் தனியானதொரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை 1906இல் ஒரு சங்கமாகவே உருவெடுத்தது. அதில் முன்னின்றவர்களுள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஒருவர். 1921இல் கிடைத்ததோ கொழும்பில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி மட்டுமே. பாடம் இங்கே, பரீட்சை இலண்டன் பல்கலைக்கழகத்தினுடையது! பின்னர் பல்கலைக்கழகத்தை எங்கே அமைப்பது என்ற வழக்கு எழுந்தது. கொழும்பே போதும் என்றனர் சிலர். கண்டிப் பகுதியே தகும் என்றனர் வேறு சிலர். பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தன இவர்கள் பக்கம். முதலில் தும்பறைப் பள்ளத்தாக்கு பேசப்பட்டது. பத்தாண்டுக்கு மேல் இழுபட்ட அந்த வாதம் 1938இல் ஓய்ந்தபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட நிலத்தின் பெயர் 'நியூ பேராதனை எஸ்டேட்'. ஆம் நேயர்களே, அது ஒரு தோட்டம்.

1942 யூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலேயே பிறந்தது. சேர் ஐவர் ஜெனிங்ஸ் முதல் உபவேந்தர். அடுத்த ஆண்டு சுவாமி விபுலாநந்தர் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். ஆயினும் பேராதனை மண்டபங்களில் அவர் குரல் ஒலிக்கவில்லை, 1947இலேயே மறைந்துவிட்டார். 1952 ஒக்டோபரில்தான் பல்கலைக்கழகம் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. அருணாசலத்தின் பெயர் அங்கே ஒரு மாணவர் விடுதிக்குச் சூட்டப்பட்டது.

இனி நம் பக்கத்துக் கதை. அசாம் தேயிலை விதைகள் 1839இல் வந்திறங்கியது அருகிலுள்ள பேராதனைப் பூங்காவில்தான். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அந்தச் செடி பரவிய மலைகளில் கொழுந்தெடுத்தவர்களின் பிள்ளைகள் பேராதனைக்கு வர எத்தனை காலம் சென்றது? 1945இல் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி என்று நாடு பெருமைப்பட்டது. தோட்டப் பாடசாலைகளோ நிர்வாகத்தின் கீழேயே கிடந்தன. பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடியும். பிறகு கூடைதான், கவ்வாத்துக் கத்திதான். 1948இல் குடியுரிமையும் பறிபோயிற்று. 1977இலிருந்தே அப்பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. பேராதனைக்கும் நமக்கும் தூரம் ஐம்பது மைல்கூட இல்லை. அதைக் கடக்க ஒரு தலைமுறை போதவில்லை என்பதை இலக்கியம் கற்பிக்கும் நான் சற்றுக் கசப்போடுதான் சொல்கிறேன்.

எனது பட்டமளிப்பு நாளன்று அம்மா பேராதனைக்கு வந்திருந்தார். முப்பது வருடம் கொழுந்தெடுத்தவர். செனற் கட்டடத்தின் கற்றூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது எந்தத் தொர பங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"தொர பங்களா இல்லம்மா. ஆனா, ஒரு காலத்துல இதுவும் தோட்டந்தான்" என்றேன்.

அவர் புல்தரையையும் ஆற்றங்கரையையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

"அப்ப, லயம் எந்தப் பக்கம் இருந்துச்சு?"