கெத்தா பெர்ச்சா: கடலடித் தந்தியும் மலாயாக் காடும்

உலகச் சிக்கல்களுக்குப் பொருளறிவியல் தீர்வு தருகின்றது என்பது இன்று பரவலாக வழங்கும் கருத்தாகும். இக்கருத்தை நம் வட்டாரத்தின் வரலாற்றோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்குக் கெத்தா பெர்ச்சா என்னும் மரப்பாலை நாம் சான்றாகக் கொள்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மின்தந்தி நிலத்தில் பரவிவந்தது. ஆயின் கடலைக் கடக்க இயலவில்லை. நீருக்குள் கிடக்கும் செம்புக் கம்பியிலிருந்து மின்சாரம் கசியாமல் நெடுநாள் காக்கத்தக்க உறை அந்நாளில் இல்லை. அவ்வுறைக்குரிய பொருள் நம் வட்டாரக் காடுகளில் இருந்தது. மலாய் மக்கள் தபான் மரத்தின் இறுகிய பாலை வெந்நீரில் இளக்கிப் பாராங் கத்திகளுக்குப் பிடி செய்துவந்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1843ஆம் ஆண்டில் இப்பொருளை இலண்டன் அறிஞர்களின் கவனத்திற்குக் கொண்டுசென்றார். 1848இல் மைக்கேல் ஃபாரடே அதன் மின்காப்புத் திறனை எடுத்துரைத்தார். இப்பொருள் போர்த்திய வடங்கள் 1851இல் ஆங்கிலக் கால்வாயையும் 1866இல் அட்லாண்டிக் பெருங்கடலையும் நிலையாகக் கடந்தன. 1871இல் பினாங்கு வழியாகச் சென்னையோடு சிங்கப்பூர் தந்தித் தொடர்பு பெற்றது.

கெத்தா பெர்ச்சா ரப்பருக்கு நெருங்கிய உறவுடையது. இரண்டும் ஐசோப்ரீன் என்னும் ஒரே அலகால் ஆகிய நீள்மூலக்கூறுகளே. இரட்டைப் பிணைப்பைச் சுற்றி அவ்வலகுகள் அமையும் பாங்கு வேறுபடுவதால், ரப்பர் நெகிழ்கின்றது. கெத்தா பெர்ச்சா இறுகுகின்றது. கடலடியின் குளிரும் அழுத்தமும் அதனைக் கெடுக்கவில்லை.

எனினும், இத்தீர்வுக்குக் காடு விலை கொடுத்தது. ரப்பர் மரத்தைப் போலக் கீறிப் பால் வடிக்க இயலாமையால், தபான் மரங்களை வெட்டிச் சாய்த்தே பாலெடுத்தனர். ஒரு மரம் தந்ததோ சிறிதளவே. வடத்தொழில் வளர வளர அம்மரம் அரிதாயிற்று. 1933இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பாலிஎத்திலீன், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் இடத்தைப் பிடித்தது. 1956இல் இயங்கத் தொடங்கிய முதல் அட்லாண்டிக் தொலைபேசி வடத்திற்கு அதுவே காப்புறையாயிற்று. அதே பாலிஎத்திலீன் இன்று கடலை மாசுபடுத்தும் நெகிழிகளுள் ஒன்றாக உள்ளது.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒரு பொருளால் வரும் தீர்வை மதிப்பிடுங்கால், அப்பொருள் எங்கிருந்து வருகின்றது, பயன்பட்ட பின் எங்குச் செல்கின்றது என்பனவற்றையும் சேர்த்தே மதிப்பிடல் வேண்டும். மற்றொன்று, மாண்ட்கோமரியின் பெயர் ஏடுகளில் நிலைத்தது. அப்பாலின் இயல்பை முன்னரே அறிந்து கையாண்ட மலாய் மக்களின் பெயர்கள் பதிவாகவில்லை. வகுப்பறையில் இப்பாடத்தை நடத்தும் நாம், அவர்தம் அறிவையும் அறிவியல் வரலாற்றின் ஒரு பகுதியாகவே மாணவர்க்கு எடுத்துரைத்தல் தகும்.