மக்கு எலியின் கணக்கு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டு மிளகுக் கிடங்கில் எலி ஓடினால் எனக்கு 1958 கனடா ஞாபகம் வரும். சிரிக்காதீங்க.

மெக்கில் பல்கலைக்கழகத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வளர்த்த இரண்டு எலி வம்சங்கள்: புதிர்ப்பாதையில் சட்டென்று வழி பிடிக்கிற சூட்டிகை, தடுமாறுகிற மக்கு. மானிடோபாவில் கூப்பரும் ஜூபெக்கும் 25 நாள் குட்டிகளை எடுத்து, 40 நாள் வேறு வேறு கூண்டில் விட்டார்கள். ஒன்றில் ஊஞ்சல், சுரங்கம், மணி, கோலிகுண்டு. இன்னொன்றில் தீனியும் தண்ணீரும் மட்டும். சுவர்கூட சாம்பல் நிறம்.

பி.காம் படித்தவனுக்கு எண் இல்லாமல் ஆகாது! சாதாரணமாக வளர்ந்தால் சூட்டிகைக்குச் சராசரி 117 தவறு, மக்குக்கு 164. விளையாட்டுக் கூண்டில் மக்கு கிட்டத்தட்ட 120-க்கு இறங்கிவிட்டது. சூட்டிகை 111தான், பெரிய லாபமில்லை. வறண்ட கூண்டிலோ இரண்டுமே 170-ஐத் தொட்டன. வம்சம் எங்கே போச்சு?

இதற்கு முன்பே, 1940-களில், மெக்கிலின் ஹெப் எலிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் பிள்ளைகளிடம் வளர்க்கக் கொடுத்தார். ஆய்வுக்கூட எலிகளைவிட அவை நன்றாகத் தேறின.

எலி வேறு, பிள்ளை வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ரேங்க் கார்டைப் பார்த்து "அம்மா வழி மூளை" என்று மகள் காதுபடச் சொன்ன நண்பருக்கு இந்த ஐந்து எண்ணையும் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.