டார்ச்சுக்குள் புகுந்த லேசர்

சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், வாசலில் அக்கா மகன் நிற்கிறான். காலேஜில் எலெக்ட்ரானிக்ஸ். பழைய டி.வி.டி. ரைட்டரைப் பிரித்து அதிலிருந்த லேசர் டயோடை எடுத்து வைத்திருக்கிறானாம். அதைப் போட்டு அடைக்க ஒரு டார்ச் லைட் பாடி வேண்டுமாம்.

‘‘கடை வரைக்கும் வாங்க மாமா... பிளாஸ்டிக்ல வாங்கவா, அலுமினியத்துல வாங்கவா?’’

கேள்வி என்னவோ சின்னதுதான். பதிலுக்கு நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போகணும். நீங்களும் கூட வாருங்கள்.

1899 ஜனவரியில் டேவிட் மைசெல் என்ற ஆங்கிலேயருக்கு அமெரிக்காவில் டார்ச் லைட்டுக்கான காப்புரிமை கிடைத்தது. ஆரம்பத்தில் அந்த டார்ச்சுகளின் கூடு எதில் செய்யப்பட்டது தெரியுமா? காகிதக் குழாயில்! உள்ளே வரிசையாக செல்கள், முனையில் ஒரு பல்பு, அதன் பின்னால் முரட்டுத்தனமாக ஒரு பித்தளைத் தகடு. கம்பெனி முதலாளி கான்ராட் ஹூபர்ட் (ரஷ்யப் பேரரசிலிருந்து பிழைக்க வந்தவர்) நியூயார்க் போலீஸாருக்குச் சிலவற்றை இனாமாகவே கொடுத்தார். அந்தக் காலத்து செல்லுக்குத் தொடர்ந்து எரியவைக்கும் தெம்பு கிடையாது. பளிச்சென்று ஒரு தடவை எரியும், அப்புறம் ஓய்வு. அமெரிக்கர்கள் இன்றும் அதை ‘ஃப்ளாஷ் லைட்’ என்பது இதனால்தான். சூடேறுவதற்குள் அணைந்துவிடும் விளக்குக்குக் காகிதக் கூடு போதாதா என்ன?

நம் ஊருக்கு எவரெடி வந்து, 1952-ல் சென்னையில் செல் தொழிற்சாலையும் 1958-ல் லக்னோவில் டார்ச் தொழிற்சாலையும் போட்டது. அந்தக் கம்பெனிதான் பிறகு யூனியன் கார்பைடு இந்தியா என்று பெயர் மாறியது. ஆமாம், 1984-ல் போபாலில் விஷவாயு கசிந்ததே, அதே யூனியன் கார்பைடுதான்! அது தனியாகச் சொல்ல வேண்டிய கதை.

லேசருக்கு வருவோம். 1960 மே 16... கலிபோர்னியாவில் தியோடர் மைமன், சுருள் வடிவ ஃப்ளாஷ் விளக்கின் நடுவே விரல் கணு அளவு மாணிக்கக் கல்லை நிறுத்தி உலகின் முதல் லேசரை ஒளிர வைத்தார். கூடு? உள்ளங்கையில் அடங்கும் அலுமினியக் குழாய். ஜூலையில் பத்திரிகைகளுக்குச் சொல்ல நாள் குறித்தார்கள். போட்டோகிராபர் பார்த்தார்... ‘இத்துனூண்டா?’ என்று தோன்றிவிட்டது அவருக்கு! பெரிய விளக்கு ஒன்றை மைமன் கையில் கொடுத்துப் படம் எடுத்தார். அதைப் பார்த்த வேறு சில ஆராய்ச்சிக்கூடங்களும் அதே பெரிய விளக்கை வாங்கி லேசர் செய்தன! ‘சாவுக் கதிர்’ என்று பத்திரிகைகள் அலறியது இன்னொரு வேடிக்கை.

1962-ல் ராபர்ட் ஹால் செய்த டயோடு லேசர் கடுகளவுதான். ஆனால், மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனில் குளிப்பாட்டினால்தான் எரியும். சாதாரண அறை வெப்பத்தில் அது தொடர்ந்து எரிய 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லெனின்கிராடில் அல்ஃபெரோவும் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தாரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சாதித்தார்கள். அப்புறம்தான் 1982-ல் சி.டி., பிறகு டி.வி.டி., கடைசியில் என் மருமகன்!

டயோடின் சங்கடம் இன்றைக்கும் சூடுதான். கொடுக்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி வெளிச்சமாகாமல் வெப்பமாகிறது. பிளாஸ்டிக் கூட்டில் அது வெளியேற வழியில்லை. டயோடு மங்கி, செத்துப்போகும். 1984-ல் அமெரிக்காவில் டோனி மக்லிகா கொண்டுவந்த, இரண்டு பென் டார்ச் செல் போடும் ‘மினி மேக்லைட்’ லேசர் பைத்தியங்களுக்குப் பிடித்துப்போனது இதனால்தான். கடைந்தெடுத்த அலுமினியம், திருகிக் கழற்றும் தலை, உள்ளேயே செல், சுவிட்ச். அவர் செய்தது போலீஸ்காரனுக்கும் மெக்கானிக்குக்கும்!

‘‘அப்ப அலுமினியம்தானே மாமா?’’

அலுமினியம்தான். ஆனால் ஒரு விஷயம்.

கடையில் விற்கும் பாயின்டர் 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதி. டி.வி.டி. ரைட்டர் டயோடு 100 மில்லிவாட்டைத் தாண்டும். கண்ணில் வெளிச்சம் பட்டால் இமை மூட கால் விநாடி ஆகிறது. 1 மில்லிவாட் வரைதான் அந்த இமைப்பு நம்மைக் காப்பாற்றும். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த நம்ம மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில், சர்க்கரை நோயாளிகளுக்கு லேசர் வைப்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். விழித்திரையில் இடம் பார்த்து, அளவு பார்த்துச் சின்னச் சின்னதாகச் சூடு போடுவதுதான் அது. அளவும் பார்க்காமல், இடமும் பார்க்காமல், பார்வையின் நட்டநடுவில் ஒரு சூடு விழுந்தால்?

வீட்டில் கரன்ட் போனால் என்ன செய்வோம்? தடவித் தடவி டார்ச்சைத் தேடுவோம். எரிகிறதா என்று பார்க்க வாயை முகத்துப் பக்கம் திருப்பி பட்டனை அமுக்குவோம். நீங்களும் செய்திருப்பீர்கள், நானும்தான். அவன் தங்கை ஆறாவது படிக்கிறாள்.

இதைச் சொன்னதும் பையன் கையிலிருந்த டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கடைக்காரரிடம், ‘‘அண்ணே, இதே சைஸ்ல டார்ச் மாதிரியே தெரியாத பாடி எதுவும் இருக்கா?’’ என்றான்.

அவர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.