பனிப்போரில் கருத்தியலின் இடம்: கொரியாவை முன்வைத்து

பனிப்போரின் தோற்றத்தை ஆராய்ந்தவர்கள் மூன்று தரப்பினர். சோவியத்தின் விரிவாக்க வேட்கையே காரணம் என்றனர் தொடக்ககால அமெரிக்க வரலாற்றாசிரியர்கள். வில்லியம் ஆப்பிள்மன் வில்லியம்ஸ் 1959இல் தம் நூலை வெளியிட்ட பின், அமெரிக்க முதலாளியத்தின் சந்தைத் தேவையை முன்னிறுத்திய திருத்தல்வாதிகள் வலுப்பெற்றனர். ஜான் லூயிஸ் காடிஸ் போன்றோர் 1970களில் இரண்டுக்கும் நடுவே ஒரு விளக்கத்தைத் தேடினர். மூவரையும் பிணைப்பது ‘யார் தொடங்கியது?’ என்ற கேள்வி. பகை ஏன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது என்பது வேறு கேள்வி; அதுவே முக்கியமானது என்று கருதுகிறேன். பகை மூண்டதற்குப் பாதுகாப்பு அச்சம் போதுமான காரணம். அதைப் பேசித் தீர்க்க இயலாததாக்கியது கருத்தியல்.

கருத்தியல் குறுக்கிடாதவரை பேரம் இயன்றது என்பதற்கு 1944 அக்டோபரில் மாஸ்கோவில் நடந்த ஒரு சந்திப்பு சான்று. சர்ச்சில் ஒரு தாளில் நாடுகளின் பெயர்களையும் விழுக்காடுகளையும் எழுதினார்: ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90, கிரேக்கத்தில் பிரிட்டனுக்கு 90, யூகோஸ்லாவியாவிலும் ஹங்கேரியிலும் சரிபாதி. ஸ்டாலின் நீலப் பென்சிலால் ஒரு குறியிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினார். சிறிய நாடுகளைக் கேளாமல் பங்கிட்ட இச்செயல் அறமற்றது. ஆனால் அன்று பேரம் சாத்தியமாக இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஏதென்ஸில் பிரிட்டிஷ் படைகள் இடதுசாரிகளோடு மோதியபோது ஸ்டாலின் வாய் திறக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்குள் இருமுறை ஜெர்மனியோடு போரிட்டு, இரண்டாவது போரில் மட்டும் ஏறத்தாழ 2.7 கோடி மக்களை இழந்த நாடு, தன் மேற்கு எல்லையில் ஓர் அரணைத் தேடியது. ஜார் மன்னர் ஆட்சியில் இருந்திருந்தாலும் அதையே கேட்டிருப்பார்.

1947இல் பேச்சின் தொனி மாறியது. இடதுசாரிக் கிளர்ச்சியை எதிர்கொண்ட கிரேக்க அரசைத் தாங்கிப் பிடிக்கப் பிரிட்டனிடம் பணமில்லை என்பதே உடனடிச் சிக்கல். மார்ச் 12 அன்று கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்ட ட்ரூமன், அதை இரு வாழ்க்கை முறைகளுக்கு இடையிலான தேர்வாக அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். செப்டம்பரில் போலந்தில் கூடிய கம்யூனிஸ்டுக் கட்சிகளின் மாநாட்டில், உலகம் இரு முகாம்களாகப் பிளந்துவிட்டது என்றார் சோவியத் தலைவர்களுள் ஒருவரான ஸ்தானோவ். இவ்வளவுக்கும், கிரேக்கக் கிளர்ச்சியைக் கைவிடும்படி 1948 பிப்ரவரியில் யூகோஸ்லாவியத் தலைவர்களிடம் வற்புறுத்தியவர் ஸ்டாலினே. எல்லைத் தகராறில் விட்டுக்கொடுக்கலாம். நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் போர் என்று அறிவித்தபின் விட்டுக்கொடுப்பவர் துரோகியாகிவிடுவார்.

இதன் விலையைக் கொரியா கொடுத்தது. ஜப்பான் சரணடையவிருந்த 1945 ஆகஸ்ட் 10 நள்ளிரவில், டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்னும் இரு அமெரிக்கக் கர்னல்களிடம் கொரியாவைப் பிரிக்கும் பணி தரப்பட்டது. அவர்கள் கையிலிருந்தது ‘நேஷனல் ஜியாகிரபிக்’ வரைபடம். அவகாசம் அரை மணி நேரம். சியோல் அமெரிக்கப் பகுதிக்குள் வரும்படி 38ஆம் அட்சரேகையைத் தேர்ந்தார்கள். மாஸ்கோ மறுப்பின்றி ஏற்றது. கொரியர் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. ஜப்பானியப் படைகளின் சரணைப் பெறுவதற்கான தற்காலிகக் கோடு அது. 1948க்குள் அதன் இருபுறமும் இரு அரசுகள் எழுந்தன. முழுக் கொரியாவும் தமதே என்றனர் வடக்கை ஆண்ட கிம் இல் சுங்கும் தெற்கை ஆண்ட சிங்மன் ரீயும். 1950 ஜூன் 25 அன்று வடகொரியப் படைகள் கோட்டைக் கடந்தன. ஸ்டாலினிடம் கிம் பலமுறை வேண்டிப் பெற்ற இசைவோடு நடந்த படையெடுப்பு அது. ஆயினும் மாஸ்கோ உலகெங்கும் தொடுக்கும் தாக்குதலின் முதல் அடியாகவே வாஷிங்டன் அதைக் கண்டது. அமெரிக்க இராணுவச் செலவு மும்மடங்குக்கு மேல் உயர்ந்தது. மூன்றாண்டுப் போரில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் கொரியர்.

பகை முடிந்த விதமும் இவ்வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. 1988 டிசம்பர் 7 அன்று ஐ.நா. அவையில் கோர்பச்சேவ், நாடுகளின் உறவிலிருந்து கருத்தியலை விலக்க வேண்டும் என்றார். ஐந்து இலட்சம் படைவீரர்களைக் குறைப்பதாகவும் அறிவித்தார். அன்றும் ஆயிரக்கணக்கான அணு ஏவுகணைகள் இருபுறமும் எஞ்சியிருந்தன. முதலில் விலகியது கொள்கைப் பிடிவாதம்.

இக்காலத்தை ‘நீண்ட அமைதி’ என்றார் காடிஸ். அணு ஆயுத அச்சம் ஐரோப்பாவில் போரைத் தடுத்தது என்ற அளவில் அது ஏற்கத்தக்கதே. கொரியா, வியட்நாம், அங்கோலா, ஆப்கானிஸ்தான் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்தால் அப்பெயர் நிற்காது. இப்போர்கள் அனைத்தையும் வல்லரசுகளே மூட்டின என்பதும் பிழை. அங்கோலாவில் சோவியத் ஆயுதமும் கியூபப் படையும் ஒருபுறமும், அமெரிக்க, தென்னாப்பிரிக்க உதவி மறுபுறமும் நின்று வளர்த்த உள்நாட்டுப் போர், சோவியத் ஒன்றியம் மறைந்த பின்னும் 2002 வரை நடந்தது. உள்ளூர்ப் பூசலுக்கு வெளியிலிருந்து வந்த துப்பாக்கிகள், வந்தவர்கள் போனபின்னும் தங்கிவிட்டன. அமைதி என்ற பெயரை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதாக வரலாற்றாசிரியர்கள் இனிக் குறுக்க வேண்டும். கொரியாவில் 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது போர்நிறுத்த உடன்பாடு மட்டுமே. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை ஏற்படவில்லை.