சொந்தத்தில் கட்டியதுதான் காரணமா? தருமபுரி மலைப்பகுதியில் பரம்பரை ரத்தநோயும் பிள்ளைப்பேற்று முடிவும்

தலசீமியாவோடு ஒரு குழந்தை பிறந்தால், "சொந்தத்துல கட்டினாங்க, வேற என்ன ஆகும்?" என்பதுதான் ஊரில் எழும் முதல் பேச்சு. ஆய்வுலகில் ஒரு சாராரும் இதையே கொஞ்சம் நாகரிகமான மொழியில் சொல்லி வந்திருக்கிறார்கள். தமிழகத்தில் உறவுமுறைத் திருமணம் மிகுதி, ஆகவே பரம்பரை நோயும் மிகுதி, ஆகவே தீர்வு வரன் தேடும் கட்டத்தில் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அரிய நோய்கள் பலவற்றுக்கு இது பொருந்தும். சித்தேரி, சிட்டிலிங்கி, வத்தல்மலை போன்ற மலைப்பகுதிகளில் வாழும் சிறிய சமூகங்களின் ஹீமோகுளோபின் நோய்களுக்கு, அதாவது தலசீமியாவுக்கும் அரிவாள் செல் சோகைக்கும், இது பொருந்துவது ஐயத்துக்குரியது. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்று தம்பதியர் எடுக்க வேண்டிய முடிவையும் இந்த வாதம் இடம் மாற்றி வைத்துவிடுகிறது.

இந்த வாதம் பெரிதும் ஊன்றி நிற்பது தேசியக் குடும்பநல ஆய்வின் எண்களில். 2019–21இல் நடந்த ஐந்தாம் சுற்றின்படி தமிழகத்தில் 28 சதவீதப் பெண்கள் உறவில் மணமானவர்கள். அகில இந்திய அளவு 11 சதவீதம். எண்ணில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆய்வு கேட்பது, மணத்துக்கு முன்பே கணவர் உறவினரா என்பதை. தாய்மாமன், அத்தை மகன் என்று நினைவில் நிற்கும் உறவு பதிலில் வரும். சில ஆயிரம் பேருக்குள்ளேயே பல தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சமூகத்தில், "உறவில்லை" என்று சொல்லும் தம்பதியும் ஒரே முப்பாட்டன் வழியினராக இருக்கக்கூடும். அந்த 28 சதவீதத்துக்குள் இவர்கள் வருவதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். ஆயிரம் மரபணுப் படிகளில் ஒன்றே பழுதான அரிய நோய் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். உறவில்லாத் தம்பதியருக்குப் பத்து லட்சம் பிறப்பில் ஒரு குழந்தைக்கு அந்த நோய் வரும். அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் அதுவே 63 ஆகிறது. இதைப் பார்த்து அஞ்சுவது நியாயம். பத்துப் படியில் ஒன்று பழுதான சமூகத்தில், அதாவது நூற்றுக்கு 18 பேர் கடத்திகளாக (பழுதான ஒரு படியைச் சுமந்தும் நோயில்லாதவர்களாக) இருக்கும் இடத்தில், உறவில்லாதவர்களுக்கே பத்தாயிரம் பிறப்பில் 100 குழந்தைகள் நோயோடு பிறப்பார்கள். அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் 156. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டினால் 212. அங்கே மணங்களில் 28 சதவீதம் அத்தை, மாமன் பிள்ளைகளுக்குள் நடப்பவை என்று கொண்டு, அத்தனையையும் தடுத்துவிட்டாலும் நோய்ப்பிறப்பு ஏழில் ஒரு பங்குகூடக் குறையாது. அவை அனைத்தும் தாய்மாமன் மணமாகவே இருந்தாலும் குறைவது நான்கில் ஒரு பங்குக்கும் கீழேதான்.

நூற்றுக்கு 18 என்பது கணக்குக்காக எடுத்த எண், தருமபுரியின் எண்ணன்று. ஆனால் மிகையுமன்று. 1952இல் லேமனும் கட்புஷும் இந்தியாவில் அரிவாள் செல் பண்பை முதன்முதலாகப் பதிவுசெய்த நீலகிரியில், பழங்குடிக் குழுக்கள் சிலவற்றில் இதைவிட அதிகமாகவே பதிவாகியிருக்கிறது. கடத்திகள் நூற்றுக்கு நான்கே இருக்கும் சமூகத்தில் கணக்கு வேறு: அங்கே அத்தை, மாமன் பிள்ளைகள் மணம் ஆபத்தை நான்கு மடங்காக்கும். அங்கே பழைய வாதத்துக்கு வலு உண்டு. நோய்ச்சுமை கனக்கும் இடத்தில்தான் அது வலுவிழக்கிறது.

வடஇந்தியச் சான்று ஒன்றும் இருக்கிறது. அத்தை, மாமன் பிள்ளைகளைக் கட்டுவதை வழக்கமாகவே விலக்கிய பஞ்சாபி, சிந்தி இந்துக்களிடம் தலசீமியா மிகுதி. அவர்கள் உறவில் மணப்பதில்லை. ஆனால் சாதிக்குள் மணக்கிறார்கள். பழுதான படியைச் சமூகத்துக்குள்ளேயே தேக்கி வைப்பது இந்த அகமணம்தான். சமூகம் விட்டு மணந்தால் குறையுமே என்று கேட்கலாம். குறையும், ஆனால் அதை மருத்துவத் திட்டமாக யாரும் நடத்த முடியாது.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதித்து, 2047க்குள் நோயை ஒழிக்க இலக்கு வைத்தது. அதன் 17 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சோதனை முடிவு அட்டையாகக் கைக்கு வருகிறது. மணத்துக்கு முன் இருவர் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பழைய வாதம் இங்கே வேறு உருவில் திரும்பி வருகிறது: முடிவு மறுபடியும் வரன் பார்க்கும் திண்ணைக்கே போகிறது. கிரேக்கத்தின் ஓர்கோமெனோஸில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஊரையே சோதித்து ஆலோசனை வழங்கிச் சில ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கடத்தியும் கடத்தியும் மணந்த மணங்கள் தற்செயலாக நடந்திருக்கக்கூடிய அளவிலேயே இருந்தன. முடிவை மறைத்தவர்களும் இருந்தார்கள். சைப்ரஸில் திருமணத்துக்கு முன் சோதனைச் சான்று கட்டாயம். அங்கே தலசீமியாக் குழந்தைகள் பிறப்பது ஏறத்தாழ நின்றது. ஆனால் பெரும்பாலான ஜோடிகள் மணத்தைக் கைவிடவில்லை. கருவைச் சோதித்தே முடிவெடுத்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அட்டையை நீட்டும் துணிச்சலை அரூர்ப் பக்கத்துப் பெண்ணிடம் எதிர்பார்ப்பது, ஓர்கோமெனோஸில் கிடைத்த பாடத்தைப் புறந்தள்ளுவதாகும்.

ஆகவே முடிவெடுக்கும் இடம் மணமான தம்பதியிடம் இருக்கிறது. ஒவ்வொரு கருவுக்கும் முன்னால் இருக்கிறது. இருவரும் கடத்திகளானால் ஒவ்வொரு பிறப்பிலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. இதை "நாலு பிள்ளையில ஒண்ணு" என்று கேட்டுக்கொண்டு, முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றும் தப்பும் என்று நம்புகிறவர்கள் உண்டு. தாயக்கட்டைக்குப் போன ஆட்டம் நினைவிருப்பதில்லை. இரண்டு பிள்ளை பெற்றால் ஒன்றுக்காவது நோய் இருக்கும் வாய்ப்பு 16இல் 7. 

நோய்கள் இரண்டும் ஒன்றல்ல என்பதும் முடிவைப் பாதிக்கும். கடுந்தலசீமியா உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற வாழ்நாள் முழுக்க மருந்து வேண்டும். அரிவாள் செல் சோகையின் அரபு–இந்திய வகையில் கருப்பருவ ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதால் பலருக்கு நோய் மிதமாகவே இருக்கிறது. ஹைட்ராக்சியூரியா வலிநெருக்கடியைக் குறைக்கிறது. கடுமையானவர்களும் உண்டென்பதால் உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டுக்கும் ஒரே ஆலோசனை தருவது தவறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டையும் தன் பட்டியலில் சேர்த்து, நோயோடு வாழ்வோருக்கு உரிமைகளை அளித்திருப்பதால், தெரிந்தே பெற்றுக்கொள்ளும் முடிவும் அறியாமையாகிவிடாது.

தருமபுரியில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெண்சிசுக்கொலையின் நிழல் படிந்த மாவட்டம் இது. தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கே விரிவுபெற்றது. கருச்சோதனை என்றாலே சந்தேகக் கண் பாய்வது இயல்பு. ஆனால் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமே ஹீமோகுளோபின் நோய்க்கான கருச்சோதனையை அனுமதிக்கிறது. பாலினத்தைச் சொல்வதைத்தான் தடுக்கிறது.

மிஞ்சுவது காலக்கணக்கு. நஞ்சுக்கொடித் திசுச் சோதனை கருவின் 11ஆம் வாரத்தை ஒட்டிச் செய்யப்படுவது. சிட்டிலிங்கியில் 1993 முதல் இயங்கும் பழங்குடி மருத்துவமனையைப் போன்ற இடங்களில் ரத்தப் பரிசோதனை எளிது. கருவின் மரபணுவைப் பார்க்க வேலூர் சி.எம்.சி. போன்ற இடத்துக்குப் போக வேண்டும். மனைவி கடத்தி என்று மூன்றாம் மாதத்தில் தெரிந்து, கணவர் ரத்தம் கொடுப்பதற்குள் அந்த வாரம் கடந்துவிடும். பிறகு பனிக்குடநீர்ச் சோதனைதான் வழி. அதன் முடிவு வருவதற்குள் கரு ஐந்தாம் மாதத்தை எட்டியிருக்கும். மணமான சில மாதங்களிலேயே, கரு தரிக்கும் முன்பே, கிராம சுகாதார செவிலியர் இருவரின் ரத்தத்தையும் ஒன்றாக எடுத்தால் இந்த நெருக்கடியே வராது. கர்ப்பத்தைப் பதிவுசெய்யும் பிக்மி எண்ணுக்குப் பதியும் நாளில்தான் முதல் ரத்தம் எடுப்பது என்றால், அன்றே கணவரையும் உடன் அழைத்துவரச் சொல்ல வேண்டும்.