மலையகத் தப்பும் தாளத்தின் பொருளும்

தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களைத் தொகுக்குமிடத்துத் தெய்வம், உணவு ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தெண்ணினார். நிலத்துக்கும் தொழிலுக்கும் தாளத்துக்கும் உள்ள உறவு அங்கே குறிப்பாற் புலப்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் லூல்கந்துரவிற் தேயிலைச் செய்கை தொடங்கியபின் அட்டன், நுவரெலியாத் தேயிலை மலைகளுக்கும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தப்பினை உடன் கொணர்ந்தனர். அவ்வுறவு இங்கு கசப்பான வடிவம் பெற்றது.

விடியுமுன் லயங்களை எழுப்பியது பெரட்டுத் தப்பு. பெரட்டுக்களத்தில் ஆட்கணக்கெடுத்து வேலை பிரிக்கப்படும் என்பதே அவ்வடியின் பொருள், சொல் வேண்டியிருக்கவில்லை. சாவு வீட்டின் அடி வேறு, கோயில் திருவிழாவின் அடி வேறு. மலைச்சரிவிற் கொழுந்து பறித்து நிற்பவரும் அடியைக் கேட்டே செய்தியை அறிவர். ஆதலின் தாளம் இங்கு பாட்டுக்குத் துணை மட்டுமன்று. தானே ஒரு மொழியுமாகும்.

மாசியிற் காமன் கூத்து ஆடும்போது அதே தப்பு துரையின் ஏவலினின்றும் விடுபடுகின்றது. அடி விரைய ரதி மதனின் கால்கள் விரைகின்றன. தகனத்தின்பின் ரதி புலம்ப, ஆட்டம் அழுகையாகின்றது. (மலைக்குளிரிற் தோல் தளர்ந்துவிடும், தீயிற் காய்ச்சாத தப்பு பேசாது.)

அடித்தவரோ சாதியடுக்கின் கீழே வைக்கப்பட்டவர். அவருடைய அடிக்குத் தோட்டம் முழுவதும் எழுந்தது, ஆடியது. அவரை மட்டும் விலக்கி வைத்தது. தாளத்தை இலக்கணத்தோடு நிறுத்தும் ஆராய்ச்சிக்கு இம்முரண் அகப்படுவதில்லை.

பெரட்டுத் தப்பு இன்று ஓய்ந்துவிட்டது. காமன் கூத்து நிலைத்திருக்கின்றது. சி. வி. வேலுப்பிள்ளை மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்தமையாற் சொற்கள் ஏட்டில் ஏறின. அடிகளோ தப்படிப்போரின் கைகளிலேயே உள்ளன.