தளர்ந்த பல்லும் தங்கக் கம்பியும்

வேர்ப்பிடிப்பு இழந்த முன்பல்லை, தோற்றம் குன்றாமல் வாயிலேயே நிறுத்திவைப்பது எங்ஙனம் என்னும் வினா மிகப் பழையது. 1901இல் லெபனானின் சைதோன் நகரக் கல்லறையில் கிடைத்த கீழ்த்தாடை ஒன்று பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ 2,500 ஆண்டுகட்கு முற்பட்டது. ஈறு நோயால் எலும்பு தேய்ந்து ஆடிய ஆறு முன்பற்களும் மெல்லிய தங்கக் கம்பியால் ஒன்றோடொன்று பின்னப்பட்டுள்ளன. தனித்து நிற்க இயலாத பல், அண்டைப் பல்லோடு சுமையைப் பகிர்ந்துகொள்கிறது. அக்கைவினைஞன் அறிந்த இவ்வியக்கவியலைத் தாண்டி இத்துறை அதிகம் நகர்ந்துவிடவில்லை. மாறியது பிணைப்புப் பொருளே.

1955இல் பியூனோகோர், பல்லின் எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் பற்றிக்கொள்ளும் எனக் காட்டினார். 1973இல் பிரான்சின் ரோஷெத், துளையிட்ட உலோகத் தகட்டைக் கீழ் முன்பற்களின் உட்புறத்தில் ஒட்டித் தளர்ந்த பற்களைப் பிணைத்தார். வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது. பல்லை அதிகம் அராவவும் வேண்டியதில்லை. வேர் நலிந்தோர்க்கு இது சிறு சலுகையன்று. 'கேப்' போடப் பல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டும்; அவ்வாறு செதுக்கி அணிவிக்கும் உறை முகப்பை மாற்றுமேயன்றி வேருக்கு வலுவூட்டாது. இன்று உலோகத்தின் இடத்தில் கண்ணாடியிழை நாடா வந்துள்ளது.

பெங்களூரில் இவ்வரலாறு ஒரே வட்டாரத்தில் இரண்டாகப் பிரிகிறது. 1900இல் திறக்கப்பட்ட விக்டோரியா மருத்துவமனையின் வளாகத்தில் 1958இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி தோன்றியது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பதிவற்றோர் தொழிலைத் தடுத்திருந்தது. ஆயினும் கூப்பிடு தூரத்திலுள்ள கே.ஆர். மார்க்கெட் பக்கத்து நடைபாதைகளில் பல் கட்டுவோர் 21ஆம் நூற்றாண்டிலும் அமர்ந்திருந்தனர். அவர்களும் செய்தது அண்டைப் பல்லோடு பிணைப்பதையே. ஏழைத் தொழிலாளிக்கு எட்டும் விலையில், ஒரே அமர்வில். ஆனால் அக்ரிலிக் மாவை ஈறு மூட அப்பியதால் உணவு தேங்கிற்று. அழுக்கு படிந்து ஈறு அழற்சியுற, தாங்கிநின்ற பல்லின் எலும்பும் கரையத் தொடங்கும். கற்ற மருத்துவர் இழை நாடாவை ஈற்றுக்குச் சற்று மேலே ஒட்டி, பல்லிடுக்கில் தூரிகை நுழைய வழிவிடுவது இதனாற்றான்.